போர்க்கைதியாக வதைபட்ட மெக்கெய்ன் 2008-இல் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்?

எதிர்க்கேள்வி:
அமெரிக்காவில் சித்திரவதை எதிர்ப்பு என்று பேச்சை எடுத்தாலே குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறை, உடைந்த கைகள், அதனால் சித்திரவதைக்கு எதிராகக் கடைசிவரை நின்ற மனிதர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒரு தேதி இடிக்கிறது.

2008 பிப்ரவரி 13. உளவுத்துறை மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதிலிருந்த ஒரு பிரிவு, ராணுவ விசாரணைக் கையேட்டில் உள்ள முறைகளைத் தவிர வேறெதையும் சிஐஏ பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தக் கையேடு வாட்டர்போர்டிங்கைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அதாவது கைதியைப் படுக்கவைத்து முகத்தில் துணி போட்டு நீரூற்றி மூச்சை அடைக்கிற அந்த வித்தையை. மசோதா 51–45 என்று நிறைவேறியது. எதிர்த்த 45 பேரில் மெக்கெய்னும் ஒருவர். மார்ச் 8 அன்று ஜனாதிபதி புஷ் அதை வீட்டோ செய்து நிறுத்தினார்.

இதற்கு எட்டு நாள் முன்புதான், பிப்ரவரி 5 அன்று, சிஐஏ தலைவர் மைக்கேல் ஹேடன் மூன்று பேருக்கு வாட்டர்போர்டிங் செய்ததைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருந்தார். தெரியாமல் போட்ட ஓட்டு என்று சொல்ல வழியே இல்லை. ஆதரவாளர்கள் விளக்கட்டும்.

வடகரை:
விளக்குகிறேன். ஆனால் முதலில் அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதை ஒரு வரியில் தாண்டிப் போக வேண்டாம்.

1967 அக்டோபர் 26. வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மீது பறந்த அவருடைய ஸ்கைஹாக் விமானத்தை ஏவுகணை தாக்கியது. குதித்ததில் இரண்டு கைகளும் ஒரு காலும் முறிந்து ட்ருக் பாக் ஏரியில் விழுந்தார். கரைக்கு இழுத்த கூட்டம் தோளை உடைத்தது, துப்பாக்கி முனைக் கத்தி காலில் இறங்கியது. அப்புறம் ஹனோயின் ஹோவா லோ சிறை. 1968 நடுவில் அவருடைய அப்பா பசிபிக் பகுதி முழுமைக்கும் அமெரிக்கத் தளபதி ஆனார். உடனே சிறை அதிகாரிகள் "நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். முதலில் பிடிபட்டவர் முதலில் போக வேண்டும் என்பது கைதிகளின் நெறி, அதனால் மறுத்துவிட்டார். அதற்குப் பலன், அந்த ஆகஸ்ட் கடைசியில் கயிற்றால் கட்டி நான்கு நாள் இரவு பகலாக அடி. நான்காம் நாள் உடைந்துபோய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். 1973 மார்ச் 14 அன்றுதான் வெளியே வந்தார். சாகும்வரை கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, தலை சீவிவிடவே ஆள் வேண்டும்.

அப்படிப்பட்டவர் 2005-இல் செய்ததையும் பாருங்கள். 82-வது பாராசூட் டிவிஷனைச் சேர்ந்த கேப்டன் இயன் ஃபிஷ்பேக், "கைதிகளை நடத்துவதற்குத் தெளிவான விதி என்ன என்று பல மாதமாகக் கேட்கிறேன், யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்" என்று அவருக்குக் கடிதம் எழுதினார். கைதிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தை மெக்கெய்ன் கொண்டுவந்தார். வெள்ளை மாளிகை வீட்டோ செய்வோம் என்று மிரட்டியது. துணை ஜனாதிபதி டிக் செனி, சிஐஏவுக்கு மட்டுமாவது விலக்கு கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கொடுக்கவில்லை. செனட்டில் 90–9. தன் கட்சி ஜனாதிபதியை, போர் நடக்கும்போது, மண்டியிட வைத்தவர் அவர்.

இனி 2008. 2005 திருத்தத்திலேயே இரண்டு பகுதி உண்டு. ராணுவத்தின் கையில் உள்ளவர்களுக்குக் கையேடு மட்டும்தான். சிஐஏ உட்பட மற்ற எல்லோருக்கும், கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை கூடாது என்ற பொதுத் தடை. சிஐஏவைக் கையேட்டோடு கட்டவேண்டும் என்று அவர் 2005-லும் கேட்கவில்லை. கையேடு கடையில் கிடைக்கிற புத்தகம், எதிரியும் படிப்பான், உளவு அமைப்புக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வேறு முறைகள் இருக்கலாம், வாட்டர்போர்டிங்கோ ஏற்கெனவே சட்டவிரோதம் என்பதுதான் 2008-லும் அவர் சொன்னது. நிலை மாறவில்லை. மாறியதெல்லாம் தேர்தல் சூட்டில் நம் பார்வை.

தறிக்காரன்:
2008 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் ஆகவேண்டும், வலதுசாரிகள் முறைக்கிறார்கள், ஓட்டுப் போட்டார். இதற்கு இத்தனை பத்தியா?

வடகரை:
//வேட்பாளர் ஆகவேண்டும்//

கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட ரோம்னி பிப்ரவரி 7-ஆம் தேதியே விலகிவிட்டார். 13-ஆம் தேதி மெக்கெய்னுக்கு வேட்பாளர் இடம் கிட்டத்தட்டக் கையில் இருந்தது. பொதுத் தேர்தலைப் பார்த்திருந்தால் எதிர்ப் பக்கம்தான் போட்டிருக்க வேண்டும், நாட்டில் புஷ் பெயர் அவ்வளவு கெட்டுக்கிடந்தது. அப்புறம் ஒபாமாவும் ஹிலாரியும் அன்று ஓட்டே போடவில்லை. அதைப் பற்றி யாரும் இழை திறக்கமாட்டார்கள்.

எதிர்க்கேள்வி:
அவர்கள் வராதது தப்புதான். ஆனால் அவர்கள் ஓட்டில்லாமலே மசோதா நிறைவேறியது.

//வாட்டர்போர்டிங்கோ ஏற்கெனவே சட்டவிரோதம்//

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உங்கள் வாதம் முழுவதும் நிற்கிறது. சரி, சட்டவிரோதம் என்று யார் முடிவு செய்வது? புஷ் அரசின் சட்ட ஆலோசகர்கள். 2007 ஜூலையில் நீதித்துறை ஒரு ரகசியக் குறிப்பு எழுதி சிஐஏவுக்கு ஆறு முறைகளை அனுமதித்தது. அதில் ஒன்று, ஆளை 96 மணி நேரம் வரை தூங்கவிடாமல் வைப்பது. இதெல்லாம் மெக்கெய்னின் 2005 சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று அந்தக் குறிப்பு வாதாடுகிறது. போதாததற்கு, மெக்கெய்ன் உட்பட உறுப்பினர்களுக்கு விவரம் சொல்லியாயிற்று, யாரும் மறுப்பு சொல்லவில்லை என்று அவர் பெயரையே சாட்சிக்கும் இழுத்தது.

அவர் மறுப்பு சொன்னாரா? சொன்னார். தூங்கவிடாமல் வைப்பதும் வாட்டர்போர்டிங்கும் சித்திரவதைதான் என்று சிஐஏவிடமே அவர் சொன்னதாக, சிஐஏ விசாரணை முறைகள் பற்றிய 2014 செனட் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தூக்கத்தைப் பறிப்பது சித்திரவதை என்று அவருக்குத் தெரியும், சிஐஏ அதைச் செய்ய விரும்புகிறது என்றும் தெரியும், அதைத் தடுக்கும் மசோதா மேசைமேல் இருக்கிறது. அப்புறமும் 'வேண்டாம்'.

வடகரை:
அந்த 2007 குறிப்பு வெளியே வந்தது 2009-இல். ரகசியக் குறிப்பில் தன் பெயரைப் போட்டு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று 2008-இல் அவருக்கு எப்படித் தெரியும்?

எதிர்க்கேள்வி:
குறிப்பு தெரிந்திருக்க வேண்டாம். 2007 ஜூலை 20 அன்று புஷ் போட்ட நிர்வாக ஆணை பகிரங்கமானது. சிஐஏ திட்டம் தொடரும் என்று அதிலேயே இருக்கிறது.

நேர்ப்பேச்சு:
எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். நான் நேராகக் கேட்கிறேன். சித்திரவதை பலன் தராது என்று மெக்கெய்ன் ஊர் ஊராகச் சொன்னார். ஆனால் நான்கு நாள் அடியில் கையெழுத்துப் போட்டது யார்? அவரே பலன் தந்திருக்கிறாரே! அட்மிரலின் பேரன், அட்மிரலின் மகன், அவ்வளவு பிடிவாதக்காரர் நான்கு நாளில் உடைகிறார் என்றால், 3000 பேரைக் கொன்ற சதிக்குத் திட்டம் போட்டவனை உடைத்து அடுத்த தாக்குதலைத் தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? அவருடைய வாழ்க்கையே அவருடைய கொள்கைக்கு எதிர்ச்சாட்சி.

மழைக்குருவி:
உடைவது வேறு, உண்மை வருவது வேறு. அந்த நான்கு நாளில் ஹனோய்க்குக் கிடைத்தது என்ன? "நான் குற்றவாளி, வியட்நாம் மக்கள் என் உயிரைக் காப்பாற்றினார்கள்" என்ற ரகத்தில் அவர்களே சொல்லிக் கொடுத்த வாசகம். விமானம் எங்கே கிளம்பும், அடுத்த இலக்கு எது, ஒன்றும் இல்லை. வேறொரு சமயம் படைப்பிரிவில் இருந்தவர்களின் பெயரைச் சொல் என்று வதைத்தபோது, கிரீன் பே பேக்கர்ஸ் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டதாக 2005-இல் அவரே எழுதினார். விசாரித்தவரும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்! பிரசாரம்தான் வேண்டும் என்றால் சித்திரவதை பிரமாதமான கருவி. தகவல் வேண்டும் என்றால், கைக்கு வந்த பெயர் கால்பந்து ஆட்டக்காரருடையதா விமானியுடையதா என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு உளவுத்துறை வேண்டும்.

நீங்கள் சொல்லும் ஆளையே எடுத்துக்கொள்வோம். காலித் ஷேக் முகமதுவுக்கு 183 தடவை நீரூற்றினார்கள். 2011-இல் பின்லேடன் கொல்லப்பட்டதும், பார்த்தீர்களா, வாட்டர்போர்டிங்தான் வழி காட்டியது என்று புஷ் காலத்து அட்டர்னி ஜெனரல் மைக்கேல் முகேசி எழுதினார். மெக்கெய்ன் அன்றைய சிஐஏ தலைவர் லியோன் பனெட்டாவிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் எழுதினார். பின்லேடனுக்குத் தகவல் கொண்டுபோன ஆளைப் பற்றிய முதல் துப்பு அங்கிருந்து வரவில்லை, மாறாக அந்தக் கடும் முறைகள் பொய்யைத்தான் கொண்டுவந்தன என்று.

நேர்ப்பேச்சு:
183 தடவையில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை நம்பச் சொல்கிறீர்களா? 2014-இல்கூட சிஐஏ அதை ஏற்கவில்லை. அது போகட்டும். நகரத்தின் நடுவில் அணுகுண்டு, வைத்தவன் உங்கள் கையில், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. மெக்கெய்ன் என்ன செய்வார்?

மழைக்குருவி:
அதற்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். அப்படியொரு அபூர்வமான நிலை வந்தால், விசாரிக்கிறவர் எல்லை மீறக்கூடும், நகரம் தப்பினால் அவரை விசாரிக்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒருநாளுக்காக முன்கூட்டியே சட்டத்தில் விலக்கு எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் எல்லா நாளும் அந்த ஒருநாள் ஆகிவிடும் என்பதுதான் சாரம். மீறுகிறவன் தண்டனைக்குத் தயாராக இருந்து மீறட்டும்.

நேர்ப்பேச்சு:
அதாவது செய், ஆனால் நான் பார்க்கவில்லை.

மழைக்குருவி:
செய், நான் பார்ப்பேன், வழக்கும் போடுவேன். இரண்டுக்கும் இடையில் ஒரு நீதிமன்றமே இருக்கிறது.

தறிக்காரன்:
"பிடிபடாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்" என்று 2015-இல் ஒருவர் சொன்னார். காலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வியட்நாமுக்கே போகாதவர். வாட்டர்போர்டிங் மட்டுமல்ல, அதைவிட மோசமானதையும் கொண்டுவருவேன் என்றவரும் அவர்தான், டிரம்ப். ஜனாதிபதியும் ஆனார். நீங்கள் 2008-ஐப் பேசிக்கொண்டிருங்கள்.

அலையாத்தி:
இங்கே யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. மெக்கெய்ன் ஹனோய் மேலே சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அது அவருடைய 23-வது குண்டுவீச்சு. இலக்கு, நகரத்துக்குள் இருந்த மின் நிலையம். கீழே இருந்தவர்களுக்கும் அப்பா, அம்மா, பிள்ளைகள் இருந்தார்கள். அவரை அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஹனோய் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள் என்கிறேன்.

போர்க்கைதிகளைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களை வட வியட்நாம் 1957-இல் ஏற்றது. ஆனால் போர்க்குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டது. பிறகு அமெரிக்க விமானிகள் பிடிபட்டதும், இவர்கள் போர்க்கைதிகள் அல்ல, போர் அறிவிக்கப்படவே இல்லை, இவர்கள் வான்கொள்ளையர், குற்றவாளிகள், ஜெனீவா இவர்களுக்குப் பொருந்தாது என்றது. 2002 பிப்ரவரி 7 அன்று புஷ் கையெழுத்திட்ட குறிப்பு என்ன சொல்கிறது? அல்கொய்தாவுக்கு ஜெனீவா பொருந்தாது, தாலிபான்கள் போர்க்கைதிகள் அல்ல, சட்டவிரோதப் போராளிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதுகு சில்லிடும். ஹோவா லோவில் தன்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட உதவிய அதே சட்ட வாதத்தை, தன் ஜனாதிபதி தன் மொழியில் சொல்வதை மெக்கெய்ன் கேட்டார். 2008 ஓட்டைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி. அதைக் கேட்ட பிறகு அவர் என்ன செய்தார்?

வடகரை:
அதைத்தானே எதிர்த்தார்! 2006 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹம்தான் வழக்கில், கைதிகளைக் கொடூரமாக நடத்தக் கூடாது என்னும் ஜெனீவாவின் பொதுவான மூன்றாம் பிரிவு அல்கொய்தா கைதிகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. புஷ் உடனே அந்தப் பிரிவுக்கே புது அர்த்தம் எழுதச் சட்டம் கொண்டுவந்தார். மெக்கெய்ன், ஜான் வார்னர், லிண்ட்சி கிரஹாம் என்ற மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களும் குறுக்கே நின்றார்கள். நாம் இன்று திருத்தினால் நாளை நம் சிப்பாய் பிடிபடும்போது எதிரியும் திருத்துவான் என்பது அவர் வாதம். ஹனோயில் வாழ்ந்தவருக்கு மட்டுமே அந்த வாதம் அவ்வளவு இயல்பாக வரும். புஷ்ஷின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலே அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்.

அலையாத்தி:
குறுக்கே நின்றார்கள், உண்மை. செப்டம்பர் கடைசியில் நகர்ந்துகொண்டார்கள், அதுவும் உண்மை. அந்தச் சமரசம்தான் 2006 ராணுவ ஆணையங்கள் சட்டம். ஜெனீவா பிரிவின் வாசகத்தைத் தொடவில்லை, அதில் மெக்கெய்ன் ஜெயித்தார். ஆனால் அதன் அர்த்தத்தை ஜனாதிபதியே ஆணை போட்டு விளக்கலாம் என்று எழுதினார்கள். ஜெனீவாவைக் காட்டி எந்தக் கைதியும் அமெரிக்க நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது என்று எழுதினார்கள். ஆட்கொணர்வு மனுவையும் எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பச் சேர்க்க ஆர்லன் ஸ்பெக்டர் கொண்டுவந்த திருத்தம் 48–51 என்று தோற்றது. மெக்கெய்ன் எதிர்த்து ஓட்டுப் போட்டார். இன்னும் இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் முடிவே வேறு. எதிர்க்கேள்வி காட்டிய அந்த 2007 ஜூலை ஆணை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் போட்டதுதான்.

வேலி கட்டிக் கொடுத்துவிட்டு, மாடு மேய்ந்தால் புகார் சொல்லக்கூட ஆளில்லாமல் செய்த கதை.

2008 ஜூனில் பூமெதியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று ஆட்கொணர்வு உரிமையை, கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையின் கைதிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. நாட்டு வரலாற்றின் படுமோசமான தீர்ப்புகளில் ஒன்று என்று சாடினார் மெக்கெய்ன். ஐந்தரை ஆண்டு எந்த நீதிபதி முகத்தையும் பார்க்காமல் கிடந்தவர் சொன்னது இது.

வடகரை:
உணர்ச்சிகரமாக இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மண்ணில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மன் கைதிகள் இருந்தார்கள். அவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டு விடுதலை கேட்பது வழக்கமாக இல்லை. போரில் பிடிபட்டவனை நன்றாக நடத்து, போர் முடிந்ததும் அனுப்பு, ஆனால் நீதிமன்றத்துக்கு இழுக்காதே என்பது பழைய மரபு. மெக்கெய்ன் தனக்காகவும் ஹனோயில் வக்கீல் கேட்கவில்லை, அடிக்காதே என்றுதான் கேட்டார். அவர் ராணுவக் குடும்பத்து ஆள். மனித உரிமை வக்கீல் கண்ணோடு அவர் பார்க்கவில்லை என்று குறை சொல்வது, அவர் வேறொருவராக இல்லையே என்று குறை சொல்வது.

அலையாத்தி:
அந்த ஜெர்மானியர்களுக்குப் போர்க்கைதி அந்தஸ்து இருந்தது, செஞ்சிலுவைச் சங்கம் முகாமுக்கு வந்தது, போரும் ஒருநாள் முடிந்தது. குவாண்டனாமோவில் அந்தஸ்தும் இல்லை, போருக்கு முடிவுத் தேதியும் இல்லை. சிஐஏ ரகசியச் சிறைகளில் பல ஆண்டுகள் செஞ்சிலுவையும் இல்லை. அடிக்காதே என்ற விதி மட்டும் இருந்து, அடித்தால் கேட்க வழி இல்லாத இடம் ஒன்று அவருக்கு முன்பே தெரியும். ஹனோய் அரசும் கைதிகளை மனிதாபிமானத்தோடு நடத்துவதாகத்தான் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

எதிர்க்கேள்வி:
இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வடகரை:
நான் சேர்க்கிறேன். நீங்கள் எல்லோரும் 2008-லேயே நின்றுவிட்டீர்கள். 2014 டிசம்பர் 9 அன்று ஜனநாயகக் கட்சி செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்தச் சித்திரவதை அறிக்கையை வெளியிட்டபோது, அவருக்கு ஆதரவாகச் செனட்டில் எழுந்து பேசிய குடியரசுக் கட்சிக்காரர் யார்? இது எதிரி யார் என்பது பற்றியதல்ல, நாம் யார் என்பது பற்றியது என்று பேசியவர் யார்? 2015 ஜூனில் ஃபைன்ஸ்டைனோடு சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சிஐஏ உட்பட அரசு அமைப்பு எதுவானாலும் ராணுவக் கையேட்டைத் தாண்டக் கூடாது. 78–21. எதிர்த்த 21 பேரும் அவருடைய கட்சிக்காரர்கள். இன்று அதுதான் சட்டம். 2018 மே மாதம், மூளைப் புற்றுநோயோடு அரிசோனாவில் படுத்திருந்தபோதுகூட, அந்தச் சிஐஏ விசாரணைத் திட்டத்தில் வேலை பார்த்த ஜினா ஹாஸ்பெலை சிஐஏ தலைவர் ஆக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார். சாகப்போகிறவர் பேச்சை விடுங்கள் என்று வெள்ளை மாளிகை ஊழியர் ஒருவர் கேலி செய்ததும் அப்போதுதான்.

எதிர்க்கேள்வி:
2015 திருத்தத்தை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. சிஐஏவைக் கையேட்டோடு கட்டுவது. 2008 பிப்ரவரி 13 அன்று அவர் எதிர்த்தது எதை? சிஐஏவைக் கையேட்டோடு கட்டுவதை. கையேடு பகிரங்கமானது, எதிரி படிப்பான் என்றீர்களே, 2015-இல் எதிரிக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டதா?

வடகரை:
ஏழு ஆண்டில், பொதுத் தடையை வக்கீல்கள் எப்படி வளைப்பார்கள் என்று நாடே பார்த்துவிட்டது. 2009-இல் ஒபாமா ஆணை போட்டு சிஐஏவைக் கட்டினார், உளவு வேலை ஒன்றும் நின்றுபோகவில்லை. பார்த்து மாற்றிக்கொண்டார். அரசியல்வாதி அப்படி மாறுவதை நான் குற்றப்பத்திரிகையில் சேர்க்கமாட்டேன்.

எதிர்க்கேள்வி:
மற்ற 99 பேருக்கு அந்தச் சலுகையைத் தரலாம். வக்கீல் வாதம் கைதியின் உடம்பில் எப்படி இறங்கும் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

நேர்ப்பேச்சு:
ஹாஸ்பெல் 54–45 என்று ஜெயித்தார். யாருக்கும் கவலையில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

மழைக்குருவி:
ஹாஸ்பெல் பதவிக்கு வந்தார், ஆனால் அந்தத் திட்டத்தைத் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று செனட் முன் சொல்லிவிட்டுத்தான் வந்தார். 2015 சட்டம் இருந்ததால் வேறு மாதிரி சொல்லவும் முடியாது.

தறிக்காரன்:
எல்லோரும் கையேடு கையேடு என்கிறீர்களே, அதன் கடைசியில் பின்னிணைப்பு எம் என்று ஒன்று இருப்பதை யாராவது படித்தீர்களா? கைதியைத் தனியாகப் பிரித்து வைத்து, 24 மணி நேரத்தில் நான்கு மணி நேரத் தூக்கம் கொடுத்தால் போதும், 30 நாள் வரை தொடரலாம். இது 2006-லிருந்து இருக்கிறது. மெக்கெய்னின் 2015 சட்டம் எல்லோரையும் கட்டிவைத்திருப்பது இந்தக் கையேட்டோடுதான்.

அலையாத்தி:
படித்திருக்கிறேன். தனி இழையாகத் திறங்கள், வருகிறேன். வடகரையும் வரவேண்டும்.

வடகரை:
ஞாயிற்றுக்கிழமை திறங்கள். அதுவரை வேலை இருக்கிறது.